பூ வாடுவதற்குள் எதை வரைவது?

கேள்வி: நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. சில வருடங்களாக ஆயில் பெயின்டிங் செய்கிறேன். இதுவரை போனில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பூக்கள் வரைந்தேன். இப்போது நேரில் வைத்து வரைய ஆசைப்பட்டுத் தொடங்கினால், ஒவ்வொன்றாகச் சிக்கல் வருகிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் நேரம். படம் பாதி வருவதற்குள் பூ தலை சாய்ந்துவிடுகிறது. இதழ்களில் நிறம் கலங்கிச் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. மல்லிகை வரைந்தால் சுண்ணாம்பு அப்பியது போல இருக்கிறது. பேசாமல் போட்டோவுக்கே திரும்பிவிடலாமா? அல்லது பிளாஸ்டிக் பூ வைத்துப் பழகலாமா? வடக்கு ஜன்னல் நல்லது என்று படித்து அங்கேதான் மேசை போட்டிருக்கிறேன், ஆனாலும் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று, பீரோவில் வைத்திருந்த பழைய படத்தில் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அது கெட்டுப்போய்விட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போட்டோவுக்குத் திரும்ப வேண்டாம். உங்களுக்குக் கை வரவில்லை என்று நான் நினைக்கவில்லை. எதை முதலில் வரைவது, எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது என்ற வரிசைதான் பிடிபடவில்லை. அந்த வரிசையைப் பூவே சொல்லும். வாடுவது தொல்லை என்று எண்ணாமல் அதையே வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டால், நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

முதலில் போன் படம். ஒரு செம்பருத்தியைப் பறித்துவந்து நேரில் பாருங்கள். ஒரே இதழில் ஆரஞ்சுப் பக்கம் சாயும் சிவப்பு ஓரிடத்தில், அடித்தொண்டையில் கறுப்பை நெருங்கும் சிவப்பு, வானத்தைப் பார்த்து வளைந்த விளிம்பில் லேசாக ஊதா ஏறிய சிவப்பு என்று பலவும் இருக்கும். அதே பூவைப் போனில் எடுத்தால் இவை பெரும்பாலும் ஒரே சிவப்பாகத் தட்டையாகிவிடும். சென்சார் பதிவுசெய்யக்கூடிய உச்ச அளவைச் சிவப்பு தொட்டுவிட்டால் அதற்கு மேலுள்ள வேறுபாடு எதுவும் பதிவாகாது. போதாததற்கு நிழலைப் போன் தானாகவே வெளுப்பாக்கிக் காட்டும். போன் விட்டுவிட்டதை நீங்கள் எங்கிருந்து கொண்டுவர முடியும்? தண்டு எப்படி வளைந்தது, இலை எந்தக் கணுவில் பிரிந்தது என்று பின்னால் சரிபார்க்கப் போட்டோ எடுத்து வையுங்கள். அதைப் பார்த்து நிறம் மட்டும் கலக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பூவும் உங்களுக்கு உதவாது. பிரெஞ்சு ஓவியர் பால் செசான் காகிதப் பூக்களை வைத்து வரைந்தவர்தான். மிக மெதுவாக வேலை செய்ததால் உண்மைப் பூ அவருக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் தேடியது வடிவங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டமைப்பை. நீங்கள் ஏங்குவது இதழின் மென்மைக்கு என்று நினைக்கிறேன். ஒளி இதழுக்குள் நுழைந்து மறுபக்கம் கசிவதால் வரும் மென்மை அது. பிளாஸ்டிக்கில் அது கிடையாது.

இனி வரிசைக்கு வருகிறேன். செம்பருத்திக்கு ஒரு பகல்தான் ஆயுள், தண்ணீரில் வைத்தாலும் அவ்வளவுதான். மல்லிகை மொட்டு இரவில் விரிந்து மறுநாளே பழுப்பேறும். தாமரை மதியத்துக்கு மேல் கூம்பத் தொடங்கும். சம்பங்கித் தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பூவாகத் திறந்துகொண்டே போகும். ரோஜா நம் வெக்கையில் சில மணி நேரத்திலேயே மொட்டு நிலையிலிருந்து விரிந்து வேறு உருவம் எடுத்துவிடும். காம்போடு இருக்கும் சாமந்தி ஒரு வாரம் தாங்கும். கோழிக்கொண்டை அதற்கு மேலும் நிற்கும். வாடாமல்லி காய்ந்த பிறகும் நிறம் விடாது. ஆகவே ஒரு செம்பில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் ஒரே ஒரு ரோஜாவும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அன்று காலையிலேயே ரோஜாவை முடித்துவிட வேண்டும். கோடு போட்டு வைப்பதோ அடி நிறம் பூசி வைப்பதோ போதாது, அதை முழுதாக முடிக்க வேண்டும். சாமந்தியை அதே அமர்வில் தொட்டுவிட்டு மறு ஞாயிறும் தொடரலாம். செம்பு எங்கேயும் போகாது, அது கடைசி.

இதில் பெரிய ஓவியர்களுக்கும் விதிவிலக்கு இருந்ததில்லை. வான்கோ 1888 ஆகஸ்டில் ஆர்ல் ஊரில் சூரியகாந்திகளை வரைந்தபோது, பூக்கள் சீக்கிரம் வாடுவதால் சூரியன் எழும் நேரத்திலிருந்தே வேலை செய்வதாகவும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருப்பதாகவும் தம்பி தியோவுக்கு எழுதினார். நெதர்லாந்தின் யான் வான் ஹாய்சம் இதற்கு நேர் எதிர். உண்மையான மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படத்தை முடிக்க முடியவில்லை என்று 1742இல் எழுதியிருக்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அவருடைய சுடுமண் ஜாடிப் பூக்கள் படத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. அவருக்கும் முன்னால், மூத்த யான் புருகல் தன் ஊரான ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத பூக்களை நேரில் பார்த்து வரையவென்றே பிரஸ்ஸல்ஸ் போய்வந்ததாக 1606இல் தன் புரவலரான கார்டினலுக்குத் தெரிவித்தார். அந்தக் காலத்து பிரம்மாண்டமான பூங்கொத்துப் படங்களில் வசந்தகாலத்து டியூலிப்பும் கோடையின் ரோஜாவும் ஒரே ஜாடியில் நிற்கும். அப்படியொரு ஜாடி எந்த மேசையிலும் ஒரே நாளில் இருந்திருக்க முடியாது. அவற்றைப் பார்த்துவிட்டு உங்கள் ஞாயிற்றுக்கிழமையை அளக்காதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே கடைசியாக வரைந்த பூக்கள். 1882, 1883 ஆண்டுகளில் நோய்வாய்ப்பட்டு நடமாட்டம் குறைந்திருந்தபோது, நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்த பூக்களைக் கண்ணாடி ஜாடியில் வைத்து வரைந்தார். 1883 ஏப்ரலில் இறந்துபோனார். வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் கண்ணாடி ஜாடிப் படத்தின் உயரம் ஏறத்தாழ ஓரடிதான். நாலு பூ, கொஞ்சம் இலை, ஜாடிக்குள் தண்ணீர், எல்லாம் எண்ணிவிடக்கூடிய தூரிகைத் தொடல்களில் நிற்கின்றன. அந்த அளவைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலக் கேன்வாஸ் போர்டு போதும். இரண்டடிக் கேன்வாஸ் எடுத்தால் பின்னணியை நிரப்புவதற்கே காலை முடிந்துவிடும்.

பூ வாங்குவதில் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. தோவாளைப் பூச்சந்தையில் மலைமலையாகக் குவிந்தாலும் வருவதெல்லாம் உதிரிப்பூ, இல்லையென்றால் கட்டிய பூ. காம்போடு வேண்டுமென்றால் பொக்கே கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஓசூர் ரோஜாவும் ஜெர்பெராவும் கிடைக்கும். எனக்கு நர்சரியில் ஒரு சாமந்தித் தொட்டி வாங்கி, தொட்டியோடு மேசையில் வைத்து வரைவதுதான் பிடிக்கும். வேரோடு இருப்பதால் அவசரப்படுத்தாது. உதிரிப்பூவையும் ஒதுக்க வேண்டாம். பித்தளைத் தாம்பாளத்தில் குவித்த சாமந்தி, வாழை இலைமேல் ஒரு மல்லிகைப் பந்து, இவையெல்லாம் நம் வீட்டில் பூ உண்மையாகவே இருக்கும் விதம். ஜாடியில்தான் வரைய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

காம்புப் பூவைச் சனிக்கிழமை மாலையே வாங்கி, காம்பைச் சாய்வாக நறுக்கி, கழுத்துவரை தண்ணீரில் நிற்க வையுங்கள். பக்கத்தில் பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைக்கும். வரையும்போது ஃபேன் காற்று உங்கள்மேல் படட்டும், பூமேல் பட வேண்டாம். பூ தலை சாய்வதற்கு ஃபேன்தான் பெரிய காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

வடக்கு ஜன்னல் விஷயம். ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் அந்த அறிவுரை அங்கே சரி. அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்தாலும், காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். உங்கள் வெளிச்சம் மாறுவது அதனால்தான். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பில் கட்டிவிடுங்கள், அல்லது தெற்கு ஜன்னலுக்கு மாறிப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் உங்கள் வடக்கு ஜன்னலைப்போல் வாய்ப்பது கடினம். அப்போது பள்ளி விடுமுறையும் கொஞ்சம் வரும், விட்டுவிடாதீர்கள். எந்த மாதமானாலும் ஒரே ஒரு பக்கத்திலிருந்து ஒளி வரட்டும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒளி பட்டால் பூவின் திரட்சி போய்விடும்.

ஞாயிறு காலைக்குச் சனி இரவே ஆயத்தம் செய்யுங்கள். வெள்ளைக் கேன்வாஸின்மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலமும் டர்பன்டைனில் நீர்க்கக் கலந்து பூசி, துணியால் துடைத்துவிட்டால் காலைக்குள் காய்ந்து மங்கலான பழுப்புத் தளம் கிடைக்கும். வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும், அதனால் கை தானாக எல்லாவற்றையும் வெளுக்கும். காலையில் உட்கார்ந்ததும் தூரிகையை எடுக்காதீர்கள். கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள். இதழ்கள் மறைந்து, வெளிச்சத் திட்டு ஒன்று, நிழல் திட்டு ஒன்று, பின்னணி இருட்டு என்று மூன்று நான்கு கட்டிகளாகத் தெரியும். அந்தக் கட்டிகளைத்தான் முதல் அரை மணி நேரம் நீர்த்த வண்ணத்தில் இடம்பிடிக்க வைக்க வேண்டும். படத்திலேயே மிக இருட்டான இடம் எது, மிக வெளிச்சமான இடம் எது என்று இரண்டையும் அப்போதே வைத்துவிடுங்கள். மற்ற எல்லா நிறமும் இந்த இரண்டுக்கும் நடுவில் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பிறகு வாடப்போகும் பூ. இங்கேதான் சேறு உண்டாகிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேன்வாஸ்மேலேயே நிறத்தைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சிவப்பு வைத்து, இருட்டாக இருக்கிறதென்று வெள்ளை சேர்த்து, வெளுத்துவிட்டதென்று மறுபடி சிவப்பு சேர்த்து, அடியில் இருக்கும் பழுப்பும் கூடவே கிளம்பி வந்து, கடைசியில் எல்லாம் ஒரே கலங்கலாகிறது. தேடுவதை வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டில் முடித்துக்கொள்ளுங்கள். பேலட் கத்தியால் அந்தப் பூவுக்கு மூன்று குட்டை கலந்து வையுங்கள்: வெளிச்சத்துக்கு ஒன்று, இடைத் தொனிக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து, கையை நீட்டிப் பூவுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்திய பிறகு தூரிகையில் தாராளமாக அள்ளி, ஒரு தொடல் வைத்து, எடுத்துவிடுங்கள். திரும்பத் தடவாதீர்கள். தவறாகப் போனால் மேலே சரிசெய்ய முயலாமல் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். வெளிச்ச நிறங்களுக்கு ஒரு தூரிகை, நிழலுக்கு வேறு தூரிகை. இது மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

நிழலுக்குக் கறுப்பு சேர்க்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மஞ்சளில் கறுப்பு கலந்தால் பாசி நிறம் வரும். சாமந்தியின் நிழலுக்கு எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் பர்ன்ட் சியன்னாவும், ஊதா ஒரு துளியும் போதும். சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளை சேர்த்தால் ரோஸாகிக் குளிர்ந்துவிடும். முதலில் ஆரஞ்சு சேர்த்துப் பாருங்கள். வானம் பிரதிபலிக்கும் பளபளப்பான விளிம்பில் மட்டும் வெள்ளை.

இப்போது மல்லிகை. மல்லிகை வெள்ளை என்று மனதுக்குத் தெரியும், அதனால் கை வெள்ளை டியூபுக்குப் போகிறது. சாம்பல் நிற அட்டை ஒன்றில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பூவின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். வாழை இலைமேல் இருக்கும் பந்தின் அடிப்பக்கம் பச்சையாகத் தெரியும். இதழ்கள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கிய இடத்தில் உள்ளிருந்து கசியும் ஒளி இளமஞ்சளாக இருக்கும். ஜன்னல் பக்கம் லேசான நீலச் சாம்பல். டியூபிலிருந்து வரும் சுத்த வெள்ளைக்கு அந்தப் பந்தில் இரண்டு மூன்று இடம்தான் இருக்கும். மற்றதெல்லாம் வெள்ளையைவிட நாம் நினைப்பதற்கும் அதிகமாக இருட்டு. டைட்டானியம் வெள்ளை மிகவும் வலிமையான நிறம், குளிர்ச்சியானதும்கூட. அதில் ஓக்கர் ஒரு துளி சேர்க்காமல் தொடவே வேண்டாம். பந்து முழுவதையும் ஒரே உருண்டையாக, ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல் என்று முதலில் வரையுங்கள். தனித்தனிப் பூவாக நாலைந்தை மட்டும், வெளிச்சம் நிழலுக்குள் திரும்பும் இடத்தில் எடுத்துக் காட்டுங்கள். பார்ப்பவர் கண் மற்ற பூக்களைத் தானே கட்டிக்கொள்ளும்.

பின்னணியின் நிறமும் இதில் சேரும். பிரான்ஸின் ஆன்ரி ஃபான்டின்-லதூர் வரைந்த வெள்ளை ரோஜாக்களைப் பாருங்கள். பின்னால் அடக்கமான சாம்பல் பழுப்பு, அந்தச் சாம்பலுக்குள் பூவின் நிழல் பக்கத்து விளிம்பு கரைந்துபோகும். எல்லா இதழையும் சுற்றிக் கோடு வெட்டினால் பூ கத்தரித்து ஒட்டியதாகத் தெரியும். பூவும் பின்னணியும் ஈரமாக இருக்கும்போதே ஒன்றையொன்று தொடட்டும். ஆகவே பூவை ஒட்டிய பின்னணியை அன்றே வைத்துவிடுங்கள், மறு வாரத்துக்கு விடாதீர்கள்.

மறு ஞாயிறு தொடரும்போது காய்ந்த இடங்கள் மங்கித் தெரியும். லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, மிக மெல்லியதாகத் தடவித் துடைத்துவிட்டால் நிறம் எழும். முதல் படலத்தில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம் என்ற முறையை மாற்ற வேண்டாம், இல்லையென்றால் பின்னால் வெடிப்பு விடும்.

ரோஸ் நிறம் வாங்கும்போது டியூபின் பின்னால் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.வி. 19 என்றிருந்தால் குயினாக்ரிடோன், நிலைக்கும். பி.ஆர். 83 என்றிருந்தால் அலிசரின் கிரிம்சன். வெள்ளையோடு கலந்து வெளுப்பாகப் பூசினால் வருடங்களில் மறையும். வான்கோ 1890 மே மாதம் வரைந்த ரோஜாக்கள் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவர் வரைந்தபோது அவை ரோஸ் நிறம். அவர் பயன்படுத்திய சிவப்பு வெளுத்துப்போனது. வண்ணத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பச்சையில் பிடியுங்கள், ரோஸில் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். லின்சீட் ஆயில் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கக்கூடும். நம் ஊர் மே மாதத்தில் இது விளையாட்டில்லை. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். டர்பன்டைன் டப்பாவையும் வேலை நேரம் தவிர மூடியே வையுங்கள்.

கடைசியாக, பீரோப் படம். பெரும்பாலும் கெட்டிருக்காது. லின்சீட் ஆயில் படலம் இருட்டில் இருந்தால் மஞ்சளடிக்கும், வெளிச்சத்துக்கு வந்தால் பெருமளவு தெளியும். படத்தை வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல், வெளிச்சம் நன்றாக வரும் சுவரில் சில வாரம் மாட்டிவையுங்கள். அதன் பிறகும் மஞ்சள் போகவில்லை என்றால் எந்த வெள்ளை, எந்த எண்ணெய் பயன்படுத்தினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இனி வரைவதையும் பீரோவில் வைக்காதீர்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுத்திருங்கள்.

அன்புடன்.